மாதாவுக்கு ஒரு கூறைத்துண்டு

1

இந்தக் கதை ஒரு கொள்ளையில் தொடங்கியிருக்க வேண்டியது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கனடாவில், மொன்றியலில் ஓர் அருங்காட்சியகம் (பெயர் வேண்டாம்). அதில் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பிரான்ஸில் செதுக்கிய மர மாதா. அவள் முதுகில் சின்னதாக ஒரு கதவு. கதவைப் பார்த்ததும் எனக்குக் கை அரித்தது. புனிதர் ஒருவரின் எலும்புத் துண்டைத் திருப்பண்டமாக வைத்துப் பூட்டிய பொந்தாம் அது. வாரப் பத்திரிகைத் தொடர்களில் ஊறி வளர்ந்தவன் கையில் அகப்பட்டால் எலும்பா இருக்கும்? வைரம்! உடனே ஆரம்பித்தேன்:

'மூடும் நேரம். கறுப்புக் கோட்டுப் போட்ட அந்த உருவம், கைப்பையை மார்போடு அணைத்தபடி, கமராவுக்கு முகம் காட்டாமல் மாதாவை நெருங்கி—'

நெருங்கிய உருவம் குனிந்து பூட்ஸைக் கழற்றியது. கழற்றியதை ஓரமாகச் சோடி சேர்த்து வைத்தது. எந்தத் திருடன் இப்படிச் செய்வான்?

உருவம் நிமிர்ந்தது. பார்த்தால், அதே நகரத்தில் லாசால் பக்கம் இருக்கும் சிவநேசம் என்ற அம்மா. வைரக் கதை அங்கேயே படுத்துவிட்டது.

2

அந்த அறையின் காவலர் கஜந்தினி. சிவநேசத்தின் ஒரே மகள். கோடையிலிருந்து தற்காலிக வேலை. இன்று காலைதான் மேற்பார்வையாளர் பேனாட் கூப்பிட்டுக் கை குலுக்கி, திங்கட்கிழமையிலிருந்து நிரந்தரம் என்றார். கூடவே, "இடையில் உன் அறையில் யாராவது எதையாவது தொட்டால் திங்கட்கிழமை வராதே" என்றும் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் இவளுக்கு முன்னால் அந்த அறையில் நின்றவன் இப்போது அங்கே வேலையில் இல்லை.

அவள் முதல் வேலையாக அம்மாவுக்குத் தகவல் அனுப்பினாள். அங்கேதான் வினை.

(கட்டுரைத்தனமாக ஒரு பத்தி. பொறுத்துக்கொள்ளுங்கள். ரோமனெஸ்க் என்னும் அந்தக் காலத்துப் பாணியின் சிற்பி நளினத்துக்கு மெனக்கெடவில்லை. அவனுடைய மாதா இடுப்பை வளைக்க மாட்டாள், சிரிக்க மாட்டாள். கதிரையில் நிமிர்ந்து, நேரே பார்த்தபடி இருப்பாள். சொல்லப்போனால் மடியில் இருப்பவருக்கு அவளே கதிரை. 'ஞானத்துக்கு இருப்பிடம்' என்று அவளுக்கு ஒரு பட்டம். மடியிலிருக்கும் பாலகனுக்கோ வாடகை கேட்க வந்த பெரியவரின் முகம்! இத்தனை விறைப்பானவளை அந்தக் காலத்துச் சனம் சும்மா விடவில்லை. ஊர்வலம் கொண்டுபோனார்கள். பட்டு உடுத்தினார்கள். இந்த மாதாவின் தோள்களிலுள்ள ஆணித்துளைகள் உடை நிற்பதற்காக அடித்தவை என்று வழிகாட்டிகள் பிரெஞ்சில் சொல்லிச் சொல்லி, கஜந்தினிக்கு அது மனப்பாடம்.)

அதை ஒருநாள் சோறு சாப்பிடும்போது அம்மாவிடம் சொல்லித் தொலைத்தாள்.

3

"அம்மா! இஞ்ச என்ன செய்யிறியள்? முதல்ல சப்பாத்தைப் போடுங்கோ!"

"சாமிக்கு முன்னால ஆரடி சப்பாத்தோட நிக்கிறது?"

"இது மியூசியம்!"

"அது அவவுக்குத் தெரியுமே?"

சிவநேசம் பையைத் திறந்து ஒரு சிவப்புப் பட்டுத் துண்டை எடுத்தாள். அகலச் சரிகைக் கரை.

"உன்ர வேலை நிரந்தரமானா பட்டுச் சாத்திறன் எண்டு நேர்ந்தனான். தந்திட்டா. இண்டைக்கு வெள்ளிக்கிழமை வேற."

"ஐயோ, நீங்கள் சாத்தினா வேலை போயிடும்!"

"தந்தவ பறிப்பாவே?"

"பறிக்கிறது அவ இல்லை, பேனாட்!"

"ஆர் அந்தாள்? கூப்பிடு, நான் கதைக்கிறன்."

"உங்களுக்கு எங்க பிரெஞ்சு?"

"ஏன், நன்றிக்கு மெர்சி எண்டு சொல்லுவன்."

கஜந்தினிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு துண்டைப் பிடித்தவளின் கை நின்றது. ஒரு பக்கம் மட்டும் கத்தரிக்கோல் பட்ட விளிம்பு.

"இது உங்கட கூறையெல்லோ?"

"ஓம்."

"கலியாணச் சீலையை வெட்டினியளே?"

"பின்ன, டொலர் கடைத் துணியையே அவவுக்குக் குடுக்கிறது?"

(சிவநேசத்தைச் சிரிப்புக்காகத்தான் கதைக்குள் கூட்டி வந்தேன். கொஞ்சம் வெகுளி, கொஞ்சம் பிடிவாதம், அவ்வளவுதான் கணக்கு. ஆனால் பெட்டிக்கு அடியில் வைத்து, மகளைக்கூடத் தொட விடாத கூறையை வெட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள். இனி என் கணக்கு எதற்கு?)

4

முடிவு அ: அலாரம் அலறுகிறது. பேனாட் ஓடி வருகிறார். பட்டுடுத்திய மாதாவைப் பார்த்ததும் தன் தாயின் நினைவு வந்து, முழந்தாளிட்டு... (எனக்கே கூச்சமாக இருக்கிறது. அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: கஜந்தினி காவலர் கதிரையில், மாதாவைப் போலவே நிமிர்ந்து உட்காருகிறாள். தாய் அந்தப் பட்டை மகளின் தோளில் போர்த்துகிறாள். நல்ல முடிவு. படம்கூடப் போடலாம். ஆனால் சிவநேசம் மடக்கிவிட்டாள்:

"அவவுக்கு நேர்ந்ததை உனக்குப் போட்டா நேர்த்தி தீருமே? உனக்கு வேணுமெண்டா வேற சட்டை வாங்கித் தாறன்."

முடிவு இ: முதுகுக் கதவு மெல்லத் திறக்க, உள்ளே... (இல்லை. விடுங்கள்.)

5

நடந்தது இதுதான்.

"வேலை போற காரியமெண்டா வேண்டாம் பிள்ளை," என்றாள் சிவநேசம். "அவ விளங்கிக்கொள்ளுவா. நான் வெளிக்கிடுறன்."

பார்வையாளர் உட்காரும் வாங்கில் பட்டை வைத்துவிட்டுப் பூட்ஸுக்குள் காலை நுழைத்தாள். பூட்ஸின் ஸிப் ஏற மறுத்தது. அதோடு மல்லுக்கட்டினாள். ஒரு தடவைகூட நிமிர்ந்து மாதாவைப் பார்க்கவில்லை. அதுதான் கஜந்தினிக்குத் தாங்கவில்லை.

பட்டை எடுத்தாள். தரையில் ஒரு மஞ்சள் கோடு, தாண்டினால் அலாரம். தூசி தட்டுபவர்களுக்காக அதைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கக் காவலரின் அட்டையால் முடியும். கமரா வாசலைத்தான் பார்க்கிறது. அடுத்த மண்டபத்தில் பேனாட் விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தார்.

அட்டையைச் சுவரிலிருந்த அலாரப் பெட்டியில் வைத்தாள். சிவப்பு வெளிச்சம் அணைந்தது.

"என்னடி செய்யிறாய்?" சிவநேசம் பூட்ஸை விட்டு நிமிர்ந்தாள்.

"ஒருக்காச் சாத்திப்போட்டு எடுத்திடுவன். அவ பாத்தாக் காணுமெல்லோ?"

"காணும், காணும். அது போதும்."

கோட்டுக்கு முன்னால் போய், வழக்கப்படி அறையை ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள்.

ஒரு பார்வையாளர் இன்னும் போகவில்லை.

நீங்கள்தான். தொடக்கத்திலிருந்து இங்கேதான் நிற்கிறீர்கள். நல்ல ஆளாகத்தான் தெரிகிறீர்கள். ஆனால் நாளைக்கு யாராவது கேட்டால் பார்த்ததைப் பார்த்தேன் என்றுதானே சொல்வீர்கள்? பார்வையாளர் கண் முன்னால் எந்தக் காவலரும் கோட்டைத் தாண்ட மாட்டார்.

"மூடப் போறம்," என்கிறாள் கஜந்தினி உங்களிடம், மிக மரியாதையாக. "அந்தப் பக்கத்தால வெளிய போகலாம்."

நான் பேனாவை மூடி, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுவிட்டேன். அவள் பட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள்.

நீங்கள் இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள்.