துக்கக் கூடாரத்தில் ஒரு கேள்வி

"பேச்ச மாத்தாதக்கா, கைக்குட்டை எடுக்கத்தான் உன் பையைத் தொறந்தேன்—"

"மெதுவாப் பேசு சாலிமா, வெளிய ஆம்பளைங்க—"

"உள்ள ஏசு புத்தகம்! எத்தனை நாளா இது?"

"ரொம்ப வருஷமாச்சு."

முற்றத்துக் கம்பளிக் கூடாரத்தில், திரைக்குப் பின்னால் அண்ணன் தோலோனின் உடல் கிடந்தது. வாசலில் துக்கத்துக்கு வந்தவர்களின் குரல் கேட்டதும் சகோதரிகள் இருவரும் வழக்கப்படி சுவர்ப்பக்கம் திரும்பி, இடுப்பில் கையூன்றி ஒப்பாரி வைத்தார்கள். வந்தவர்கள் நகர்ந்ததும் நிறுத்தினார்கள். அக்கா புருலின் கண்ணில் ஈரமே இல்லை.

"தெரிஞ்சா உன்னை நம்ம முஸ்லிம் மையவாடியில பொதைக்கவே விடமாட்டாங்க."

"தெரியும். அதான் வாயே தொறக்கல."

"அப்படி என்னதான் சொல்லுது அது?"

"ஏசுவ நம்பினா செத்தாலும் பொழைப்போம்னு சொல்லுது. அத எல்லார்கிட்டயும் போய்ச் சொல்லுன்னும் சொல்லுது."

"நீ நெஜமாவே நம்புறியா?"

"நம்புறேன்." மரத்துப்போன குரலில் சொன்னாள் புருல்.

சாலிமா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குளிர்காலம் பூரா அண்ணனுக்கு நீதானேக்கா சூப் ஊட்டின. அவன்கிட்ட ஏன் சொல்லல?"