ஒன்பதாம் எண் பெட்டி

திங்கட்கிழமை காலை. முந்தர் தன் வீட்டு வாசலில் இருந்த ஒன்பதாம் எண் பச்சைப் பெட்டியின் மூடியைத் தூக்கினான். உள்ளே கணவாய் மீன் ஓடுகள். அதற்கடியில் பட்டாணித் தோல், ஆட்டு விலா எலும்பு, ஆரஞ்சுச் சக்கை, ஊறிப்போன தேயிலை. பெட்டி கழுத்துவரை நிறைந்திருந்தது.

அந்த வாரம் முழுக்க அவன் டின் மீனும் ரொட்டியும்தான் தின்றிருந்தான். அடுப்பைப் பற்ற வைத்தது காபிக்கு மட்டும். மனைவி ஓல்ஃபா இறந்த பிறகு அந்த வீட்டில் கறி வெந்ததே இல்லை.

யாரோ கேலி செய்கிறார்கள் என்று முதலில் நினைத்தான். தெருவில் நடந்துகொண்டே மற்ற வீட்டுப் பெட்டிகளின் மூடியையும் தூக்கிப் பார்த்தான். ஒன்றில் இரண்டு வெங்காயத் தோல். ஒன்றில் ஒரு முட்டை ஓடு, காட்சிக்கு வைத்ததுபோல. மற்றவை கழுவித் துடைத்தவை. தெருமுனை வந்தபோது கேலி என்ற நினைப்பு போய்விட்டிருந்தது. இது அவனை மாட்டிவிடும் வேலை.

அவன் சீதி ஸாஹிர் நகராட்சியில் பொறியாளன். சமையல் கழிவைத் தனியே பிரித்து உரமாக்க அமைச்சகத்திடம் மானியம் கேட்டு எழுதியவன் அவன்தான். கேட்டது கிடைத்தது, பாதி. அந்தப் பாதியில் உப்பளத்துப் பக்கம் ஓர் உரக்கிடங்கு எழும்பியது. அங்கே வேலைக்கு நான்கு பெண்கள் சேர்ந்தார்கள். அவன் குடியிருந்த கிணற்றுத் தெருவில் வீட்டுக்கொரு பச்சைப் பெட்டி வந்தது. மீதிப் பாதி வேண்டுமானால், தெருவில் பாதி வீடுகளாவது கழிவைப் பிரித்துப் போடுகின்றன என்று அதிகாரி நேரில் வந்து பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். வீடு வீடாகத் தெரியவேண்டும் என்பதற்காகவே பெட்டிகளில் வீட்டு எண்ணைப் பெரிதாக ஒட்டினார்கள். மீதிப் பணம் வந்தால் கிடங்கு நிற்கும். வராவிட்டால் நான்கு பெண்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். குப்பை பழையபடி உப்பளத்தில் கிடந்து புகையும்.

எண் ஒட்டிய அன்றே தெரு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அரசாங்கம் சும்மா ஒரு டப்பா தருமா என்று பக்கத்து வீட்டு ஹெதி ஊரெல்லாம் கேட்டார். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். பள்ளிவாசலில் ஏழைகளுக்குக் கொடுக்கிற ரவையும் எண்ணெயும் வாங்குகிறவர். அவருடைய அண்ணன் மகன் குப்பை லாரி ஒப்பந்தம் எடுத்தவன். பொறியாளன் பெட்டி மட்டும் நிறைந்திருந்தால் அவனே நிரப்பி ஏமாற்றியதாக அதிகாரி நினைப்பார். திட்டம் படுத்தால் லாரிக்கு இன்னொரு நடை கூடும். முந்தர் அன்று முழுக்க இந்தக் கணக்கையே போட்டுக்கொண்டிருந்தான். ஹெதிதான். வேறு யார்.

மாலையில் காபிக் கடையில் ஹெதியே பேச்சைத் தொடங்கினார்.

“ரெண்டு ஆளுக்கு சமைக்கிற வீடு மாதிரி தெரியுதே தம்பி. நல்லதுதான். ஆம்பள எத்தன நாளைக்கு டப்பா மீனையே திங்கறது?”

சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டுக்குப் பின்னால் சிரித்தார்கள். முந்தர் காபியைக் குடித்துவிட்டு எழுந்தான். அவனுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வருவது கொஞ்ச காலமாகவே நின்றுபோயிருந்தது. ஆனால் ஹெதி தன் பெட்டிக்குள் எதற்கு எட்டிப் பார்த்தார் என்பதை மட்டும் குறித்துக்கொண்டான்.

வாரக் கடைசியில் ஒருநாள் மதியம் அலுவலகத்திலிருந்து சொல்லாமல் வந்து, ஜன்னல் பலகையைச் சாத்தி, இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். ஊர் தூங்கும் நேரம். வெயில் சுவரில் அடித்துக்கொண்டிருந்தது. பூனைகள்கூட இல்லை.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. தலந்தா வந்தாள். துணி தைத்து மகளை வளர்த்தவள். கையில் துண்டு போட்டு மூடிய பேசின். வாசல் நிலைக்கு மேலே ஆணியடித்திருந்த காய்ந்த மீன் வாலுக்குக் கீழே நின்று தெருவின் இரண்டு முனையையும் பார்த்தாள். விறுவிறுவென்று வந்து ஒன்பதாம் எண் பெட்டியில் பேசினைக் கவிழ்த்தாள். போனாள்.

அவள் கதவு சாத்திய சத்தம் கேட்ட பிறகுதான் அடுத்த கதவு திறந்தது. அது சாத்திய பிறகு அதற்கடுத்தது. ஹெதியும் வந்தார், செய்தித்தாளில் எலும்பைச் சுருட்டிக்கொண்டு. அவர் தன் பொதியை மற்றவர்கள் போட்டதற்கு அடியில் குச்சியால் தள்ளினார். அவருக்குப் பிறகும் ஆட்கள் வந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஆனால் வரிசை தப்பவில்லை.

தெரு முழுக்கச் சேர்ந்து ஒருவனை மாட்டிவிடுமா? அப்படி அவன் என்ன செய்துவிட்டான்?

தலந்தா இரண்டாம் தடவை வந்தபோது அவன் கதவைத் திறந்தான்.

“அக்கா.”

அவள் திடுக்கிடவில்லை. “தூங்கலயா நீ” என்றாள்.

“உங்க வீட்டுக்கும் பெட்டி குடுத்திருக்கே. இது ஏன் என் பெட்டியில?”

“அதுல எங்க நம்பர் இருக்கு.” குரலைத் தாழ்த்தினாள். “மூடியத் தூக்கினாப் போதும், உள்ள என்ன நடக்குதுன்னு போறவன் வர்றவனுக்கெல்லாம் தெரியும். யாரு கறி ஆக்குனா, யாரு விருந்து வச்சா. கண்ணு சும்மா இருக்குமா?”

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று இருக்கிற தெரு அது. குழந்தை பிறந்தால் சொல்ல மாட்டார்கள். புதுச் சட்டையைப் பழசு என்பார்கள். வாசலில் மீன் வாலை ஆணியடிப்பதும் கண் படாமலிருக்கத்தான். இது முந்தருக்குத் தெரியாததல்ல. அவனும் அந்தத் தெருவில் பிறந்தவன்தான். ஆனால் மானியம் கேட்டு எழுதியபோது ஓர் எண் மட்டும்தான் அவன் கண்ணில் பட்டது. அந்த எண் ஒரு வீட்டின் கூரையைப் பிரித்துக் காட்டும் என்று தோன்றவில்லை.

“அப்ப என் வீட்டுக்குக் கண்ணு படாதா?”

தலந்தா பேசினைப் பார்த்தாள்.

“ஒன் வீட்ல பட வேண்டியது பட்டாச்சு தம்பி. இனிமே அங்க எடுத்துட்டுப் போக என்ன இருக்கு?”

குத்திக் காட்டச் சொன்னதல்ல. நேற்று மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னாள். அவனும் அப்படியே கேட்டுக்கொண்டான்.

பேசினில் இருந்தது பாதாம் தோல். பாதாம் பலகாரம் செய்த வீடு விருந்தாளியை எதிர்பார்க்கிற வீடு. கேட்காமலே அவள் சொன்னாள். மகள் விஜ்தானைப் பார்க்க ஸ்ஃபாக்ஸ் நகரத்திலிருந்து ஒரு குடும்பம் வருகிறது. பேச்சு இன்னும் முடியவில்லை. போன தடவை ஒரு சம்பந்தம் ஊர் வாயில் விழுந்துதான் உடைந்தது. நிச்சயமாகும்வரை இந்தத் தோல்கூட வெளியே தெரியக்கூடாது. அவன் தலையசைத்தான். அவள் மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் போனாள். அவன் தலையசைத்ததை அவள் நம்பியதாகத் தெரியவில்லை. கதவைச் சாத்துமுன் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

அதிகாரி வந்தார். தலைநகர் தூனிஸிலிருந்து ரஃபீக்கா அம்மையார். கையோடு தராசு கொண்டு வந்திருந்தார். பெட்டி பெட்டியாக மூடியைத் திறந்து, முகர்ந்து, நிறுத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். தெரு வாசல்களில் நின்று வேடிக்கை பார்த்தது. ஒன்பதாம் பெட்டியை வைத்ததும் தராசு முள் சரேலென்று சாய்ந்தது.

“இந்த வீட்ல எத்தன பேரு?”

“ஒருத்தர் மேடம்.”

“யாரு?”

“நான்தான்.”

அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். மானியத்துக்காக மனிதர்கள் செய்கிற வேலையெல்லாம் பார்த்தவர். துறைமுகத்து ஹோட்டல்களில் கழிவை வாங்கி வந்து பெட்டியை நிரப்பியிருக்கிறாய், நிரப்பத்தான் நிரப்பினாய், எல்லாப் பெட்டியிலும் பிரித்துப் போடக்கூடச் சோம்பலா என்று கேட்டார். இது திட்டம் ரத்தாவதோடு நிற்காது, உன் வேலைக்கே வரும் என்றும் சொன்னார்.

“ஹோட்டல் கழிவுன்னா ரொட்டி இருக்கும் மேடம். கிளறிப் பாருங்க.”

அவர் ஒரு குச்சியை எடுத்து அடிவரை கிளறினார். எலும்பு, தோல், செதில். ஒரு துண்டு ரொட்டி இல்லை. நிமிர்ந்து தெருவைப் பார்த்தார். ஒவ்வொரு கதவோரமும் ஆணியில் காய்ந்த ரொட்டிப் பை தொங்கியது. ரொட்டியைக் குப்பையோடு போட எந்த வீட்டுக்கும் கை வராது. அவருடைய வீட்டு வாசலிலும் அப்படி ஒரு பை தொங்கும். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

“சரி. இது வீடுகள்ல வந்தது. எந்தெந்த வீடு?”

முந்தர் பெட்டியைத் தராசிலிருந்து இறக்கி வைத்தான்.

அம்மையார் கிட்டே வந்தார். குரலில் இப்போது கடுமை இல்லை. வீட்டைச் சொல், அவர்கள் ஆமாம் என்றால் போதும், பாதி தேறினால் இங்கேயே கையெழுத்துப் போடுகிறேன் என்றார். பிறகு அவரே வாசல்களைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார், இந்தப் பெட்டியில் யாராவது போட்டீர்களா என்று.

எல்லாரும் இன்னொருவர் முகத்தைப் பார்த்தார்கள். ஹெதிதான் வாய் திறந்தார்.

“எங்க வீட்ல ஏதும்மா கறி. பள்ளிவாசல் குடுக்கிற ரவைய வச்சுக் காலத்த ஓட்டறோம்.”

முந்தருக்கு ஒவ்வொரு எலும்பின் சொந்தக்காரரும் தெரியும். விலா எலும்பு ஹெதியுடையது. சொன்னால் பள்ளிவாசல் பட்டியலில் அவர் பெயர் இருக்காது. கணவாய் மூலை வீட்டுக்காரருடையது. பாதாம் தோல் எதிர்வீடு. விரலை நீட்டிக்கொண்டு ஒரு நடை நடந்தால் போதும், பாதி தேறிவிடும். கிடங்கு நிற்கும். நான்கு பெண்கள் நாளைக்கும் வேலைக்கு வருவார்கள். அவர்கள் ஒருவரும் இந்தத் தெருக்காரர் அல்ல. இங்கே நின்று கேட்க அவர்களுக்கு ஆளில்லை.

தலந்தா வாசலில் நின்றாள். அவள் தோளுக்குப் பின்னால் விஜ்தானின் பாதி முகம். தலந்தா கெஞ்சவில்லை. அவன் எப்போது காட்டிக்கொடுப்பான் என்று காத்திருப்பவள்போல உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். தெருவே அப்படித்தான் நின்றது.

“தெரியாது மேடம். ஒரு வீடுதான் போட்டிருக்குன்னு எழுதிக்குங்க.”

அம்மையார் ஒரு வீடு என்று எழுதிக்கொண்டார். பிறகு தராசை மடித்துக் காரில் வைத்தார். கதவைப் பிடித்துக்கொண்டு, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

“ஒனக்குத் தெரியும். எவ்வளவு குடுத்தாங்க, இப்பிடி வாயத் தெறக்காம இருக்கிறதுக்கு?”

ஒன்றும் இல்லை என்றான். அவர் நம்பவில்லை. கார் போய்விட்டது.

சாயங்காலத்துக்குள் காபிக் கடையில் கதை தயார். பொறியாளனும் அந்த அம்மாவும் காரடியில் குசுகுசுவென்று பேசினார்கள். மீதிப் பாதியை இருவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். முதலில் சொன்னவர் ஹெதி. இல்லாவிட்டால் எல்லாம் தெரிந்தும் ஏன் சொல்லாமல் இருக்கிறான், நம்மிடம் எதையோ எதிர்பார்க்கிறான் என்றார் இன்னொருவர். தலந்தா தன் வாசல் ஜன்னலைச் சாத்தியே வைத்தாள்.

மறுநாள் காலை முந்தர் கிடங்குக்குப் போனான். நான்கு பெண்களும் குவியலைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். பணம் வராது, இன்றோடு வேலை முடிகிறது என்று சொன்னான். சுற்றி வளைக்கவில்லை. அவனுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

மூத்தவள் மப்ரூக்கா. பெட்டிகளைக் கொட்டி நிறுப்பது அவள்தான்.

“ஒங்க பெட்டிதான் சார் எல்லாத்தையும்விடக் கனமா வரும்” என்றாள். “நீங்க மறுபடி கல்யாணம் பண்ணிக்கிட்டீங்கன்னு நெனச்சோம். யாரோ நல்லா ஆக்கிப் போடறான்னு பேசிக்குவோம். எங்களுக்குச் சந்தோஷமா இருந்துச்சு.”

“யாரும் வரல.”

“அப்ப அந்த எலும்பெல்லாம் யாரு வீட்டுது?”

நால்வரும் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள். அவனிடம் இதைக் கேட்க உரிமை உள்ளவர்கள் அவர்கள் மட்டும்தான். தெரியாது என்ற சொல் நாக்குவரை வந்தது. வெளியே வரவில்லை.

“தெரியும்” என்றான். “சொல்ல மாட்டேன்.”

மப்ரூக்கா அவனை மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பார்வையில் மரியாதை இருந்ததா வெறுப்பு இருந்ததா என்று அவனால் சொல்ல முடியவில்லை. கொஞ்சம் இரண்டும் இருந்திருக்கலாம்.

“இன்னிக்குக் கூலி உண்டா?”

“உண்டு.”

அவள் முள்வாரியைக் குவியலில் குத்திப் புரட்டினாள். உள்ளே வெந்துகொண்டிருந்த கறுப்பு மண்ணிலிருந்து ஆவி எழுந்தது. மற்ற மூவரும் அவளோடு சேர்ந்துகொண்டார்கள். யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை. இருக்கவும் சொல்லவில்லை. சுவரில் சாய்த்திருந்த இன்னொரு முள்வாரியை அவன் எடுத்துக்கொண்டான்.