பத்து நாள் தட்டு

1

இது என் அக்காவின் கதை. அவளைக் கேட்காமல்தான் எழுதுகிறேன். அக்கா வேறொரு ஊரில், ஓர் ஆய்வகத்தில் உயிர்ச் செல் வளர்க்கிறாள். அவளுடைய ஆறு வயது மகள் மூன்று வருடமாக என்னோடு இருக்கிறாள். பொடிசு என்று கூப்பிடுவேன். வருகிற சனிக்கிழமை அக்கா வந்து அவளைக் கூட்டிப் போவதாக ஏற்பாடு. இன்று வியாழன். (இன்றைக்குப் பார்த்து ஏன் எழுத உட்கார்ந்தேன் என்று இனி யாரும் கேட்க வேண்டாம்.)

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "கல்நெஞ்சக்காரி ஒருத்தி கண்ணாடி அறைக்குள்..."

அடித்துவிட்டேன். அக்கா கல்நெஞ்சக்காரி கிடையாது. அப்படி இருந்தால் எனக்குச் சௌகரியம், அவ்வளவுதான்.

2

சரி, ஒழுங்காக எழுதுகிறேன்.

அக்கா காலையில் ஆய்வகத்துக்கு வந்ததும் முதல் வேலையாக இன்குபேட்டரைத் திறப்பாள். எந்நேரமும் உடம்புச் சூட்டிலேயே இருக்கிற சின்ன அலமாரி அது. உள்ளே உள்ளங்கை அகலத்துக்குத் தட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஜெல் படுக்கை. சில கொழகொழவென்று, சில அழுத்தினாலும் அமுங்காத அளவுக்குக் கெட்டியாக. ஒரே செல்லை இரண்டிலும் விட்டால் இரண்டு விதமாக வளரும். கெட்டியான இடத்தில் நாலா பக்கமும் கால் பரப்பி, உள்ளே இருக்கிற நார்களை எல்லாம் இழுத்துக் கட்டிக்கொண்டு விறைப்பாகக் கிடக்கும். மெத்தான இடத்தில் உருண்டு ஒடுங்கிக் கிடக்கும். இரண்டுக்கும் ஒரே சாப்பாடு, ஒரே சூடு.

அவளுடைய மேடம் ஒன்றை அடித்துச் சொல்வார். கெட்டித் தட்டில் மூன்று நாள் இருந்த செல்லை மெத்துப் படுக்கைக்கு மாற்றினால் சில நாளில் அது தளர்ந்து உருண்டுவிடும். பத்து நாள் இருந்துவிட்டால் திரும்பாது. மெத்தையில் போட்டாலும் பழைய தரை நினைப்பிலேயே விறைத்துக்கொண்டு கிடக்கும். அதைத்தான் அவள் சோதித்துக்கொண்டிருந்தாள்.

அக்காவும் மூன்று வருடமாக ஒரு கெட்டித் தட்டில்...

வேண்டாம். உங்களுக்கே தோன்றியிருக்கும். அவளுக்கும் தோன்றிவிட்டது, அங்கேதான் வம்பு.

3

இந்தத் தொழிலில் சேருகிற அன்றே ஒரு பாடம் சொல்லித் தருவார்களாம்: பெயரை மூடியில் எழுதாதே, தட்டின் அடியில் எழுது. மூடி இடம் மாறும், அடி மாறாது. பதினோரு வருட அனுபவசாலியான என் அக்கா இந்தத் தடவை மூடியில் எழுதினாள். (ஒரு கையில் லீவு விண்ணப்பம். பொடிசைக் கூட்டிவரத்தான் லீவு.)

செவ்வாய்க்கிழமை மதியம், பத்து நாள் கெட்டியில் இருந்துவிட்டு மெத்துக்கு மாறிய செல்கள் இருக்கிற, "பத்து" என்று எழுதிய தட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். அத்தனை செல்லும் உருண்டு கிடந்தன. பக்கத்துத் தட்டைப் பார்க்கக்கூடப் பொறுமை இல்லை. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு எனக்குப் போன் போட்டாள்.

"ஏய், பத்து நாள் தட்டு திரும்பிடுச்சுடி."

"என்ன திரும்பிடுச்சு?"

"செல்லு. மெத்துனு ஆயிடுச்சு. ஆகவே ஆகாதுன்னாங்க மேடம்." குரலை இறக்கினாள். "மூணு வருஷம் ஒண்ணும் ரொம்ப லேட் இல்லல்ல?"

நான் பல் டாக்டரின் வரவேற்பு மேசையில் இருந்தேன். (கதை எழுதி வயிறு நிறையாது.) எதிரே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர்.

"இல்லக்கா," என்றேன்.

அரை மணி கழித்து மறுபடி அவளே. "மூணு" என்று எழுதிய தட்டையும் பார்த்துவிட்டாள். அதில் எல்லாம் விறைத்துக் கிடந்தன. சாப்பாட்டுத் திரவம் மாற்றியபோது இரண்டு மூடியையும் ஒன்றாகக் கழற்றி வைத்தது ஞாபகம் வந்திருக்கிறது.

"ரெண்டையும் தூக்கிப் போட்டுட்டேன்."

"மூடி மாறிடுச்சுன்னு நிச்சயமா தெரியுமா?"

"தெரியாது. தெரியலைங்கிறதாலதான் போட்டேன்."

[அடிக்குறிப்பு மாதிரி: பொடிசின் அப்பா எங்கே என்று கேட்பீர்கள். அவரைக் கதையில் சேர்க்க இரண்டு இடத்தில் முயன்றேன். மனிதர் குடும்பத்திலேயே ஒட்டவில்லை, கதையில் எப்படி ஒட்டுவார்?]

4

முதல் பிரதியில் அக்கா இந்த இடத்தில் அழுகிறாள். உண்மையில் அழவில்லை. அதே போனில் சொன்னாள்:

"அவகிட்டயே கேளு. என்கூட வர இஷ்டமான்னு. வேண்டாம்னா நான் கூட்டிட்டுப் போகல. என்ன சொல்றாளோ அதை அப்படியே சொல்லு. நீ கதை எழுதுறவ, உன் சரக்கைச் சேர்த்துடாதே."

ஆக, முடிவை என் கையில் கொடுத்துவிட்டாள். இரண்டு எழுதிப் பார்த்தேன்.

அ) பொடிசு வருகிறேன் என்கிறாள். சனிக்கிழமை காலை வாசலில் அக்கா குனிந்து ஷூ நாடாவைக் கட்ட, பொடிசு அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில்... இதற்கு மேல் கை ஓடவில்லை.

ஆ) பொடிசு மாட்டேன் என்கிறாள். கடகடவென்று நாலு பக்கம் வந்தது. படித்துப் பார்த்தேன், அருமையாக இருந்தது. கிழித்துப் போட்டேன்.

5

இன்று பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கேட்டுவிட்டேன். "அம்மாகூடப் போறியாடா கண்ணு?"

போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பையைக்கூடக் கழற்றாமல் என் முகத்தையே பார்த்தாள்.

"நான் போனா நீ அழுவியா சித்தி?"

தரை கெட்டியா மெத்தா என்று செல்லுக்கு எப்படித் தெரியும் என்று அக்காவிடம் ஒரு தடவை கேட்டிருக்கிறேன். "பிடிச்சு இழுத்துப் பார்க்கும்டி. தரை எவ்வளவு விட்டுக்கொடுக்குதுன்னு பார்க்கும். ரொம்ப விட்டுக்கொடுத்தா பிடிமானமே கிடைக்காது. அப்புறம் எங்க நகரும்?" என்றாள்.

எனக்கு அவள் வேண்டும். மூன்று வருடமாகத் தினம் காலையில் அவள் தலையைப் பின்னிவிட்டுத்தான் நான் வேலைக்குப் போகிறேன். அவள் இல்லாத வீட்டுக்குத் திரும்பி வர எனக்குத் தெரியாது.

அழுவேன் என்று சொன்னால் போக மாட்டாள். அழ மாட்டேன் என்றால் போய்விடுவாள். ஆறு மணிக்கு அக்கா கூப்பிட்டு, பொடிசு என்ன சொன்னாள் என்று கேட்பாள். நான் எதைச் சொன்னாலும் அதில் பாதி நான் எழுதியதாகத்தான் இருக்கும்.

"இரு, இதை எழுதி முடிச்சுட்டுச் சொல்றேன்," என்றேன்.

தலையாட்டினாள். முக்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகிவிட்டாள் என்பதை மறந்து தொலைத்தேன். நான் முடித்து வைத்த தாள்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, விரல் வைத்து, வாய்விட்டுப் படிக்கிறாள். இப்போது ஷூ நாடாவில் இருக்கிறாள். அடுத்த தாள் என் கைக்கு அடியில் இருக்கிறது. "எனக்கு அவள் வேண்டும்" என்ற வரி அதில்தான் இருக்கிறது.

நீங்கள் படித்தது போதும், கொஞ்சம் பேனாவைப் பிடியுங்கள். அந்த வரியை அப்படியே விடவா, அடிக்கவா? தாளுக்குக் கை நீட்டிவிட்டாள்.