லேபிளில் பேசிய பெண்மணி

வலி வரும் நாட்களில் அவள் வெந்நீர்ப் பையை மடியில் வைத்துக்கொண்டுதான் வேலை பார்ப்பாள். லேபிள் அச்சகத்தில் எழுத்து கோக்கும் வேலை. ஷாம்பு, பசை, கொசு மருந்து என்று எல்லாவற்றின் வாய்ச்சவடாலும் அவள் கணினி வழியாகத்தான் பாட்டிலுக்குப் போகும்.

ஒன்பது வருட வலி அது. எல்லாப் பெண்களுக்கும் இருப்பதுதானே என்றார்கள். கல்யாணம் ஆனால் சரியாகும், பிள்ளை பிறந்தால் சரியாகும் என்றார்கள். இரண்டும் ஆயிற்று, வலி மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் ஒரு டாக்டரம்மாதான் காது கொடுத்துக் கேட்டு, எண்டோமெட்ரியோசிஸ் என்று அதற்கு ஒரு பெயர் சொன்னார். கருப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வைப் போல ஒன்று வெளியே சினைப்பையிலும் குடலிலும் ஒட்டி வளர்ந்திருக்கிறதாம். பதினொரு மாதம் காத்திருந்து ஆபரேஷனுக்கு நாள் கிடைத்தது. வருகிற வியாழக்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவனின் அக்கா ஒரு மாத்திரை பாட்டிலோடு வந்து இறங்கினாள்.

"கத்தியே வேண்டாம். எல்லாம் இயற்கை. மஞ்சள் சத்து, கிரீன் டீ சத்து, திராட்சைத் தோல் சத்து. மூணு மாசம் போட்டுப் பாரு."

"அண்ணி, மஞ்சளோட எனக்கு என்ன சண்டை? டாக்டரம்மாவே கீரை, மீன், பழமெல்லாம் நல்லா சாப்பிடச் சொன்னாங்க. சிலருக்கு வலி கொஞ்சம் அடங்குமாம். இந்தச் சத்தையெல்லாம் இன்னும் ஆராய்ஞ்சுக்கிட்டுதான் இருக்காங்களாம். ஆனா ஒட்டிக்கிட்டு இருக்கறது இதுல பிரியாது. ஆபரேஷன் நேரத்துல இந்த மாதிரி மாத்திரையே கூடாதுன்னாங்க, ரத்தம் அதிகமாப் போகலாமாம்."

"அக்கா சொல்றதுலயும் நியாயம் இருக்கு," என்றான் கணவன், செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல். "நீயும் வாயைக் கட்டினாதானே? அன்னைக்கு பிஸ்கட் தின்னே, மறுநாளே படுத்துட்டே."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டாக்டரம்மா அக்கறையாகச் சொன்ன நாலு வார்த்தை இந்த வீட்டுக்கு வந்ததும் போலீஸ் விசாரணை ஆகிவிட்டது. வலி என்று சுருண்டால் போதும், எங்கே வலிக்கிறது என்று கேட்க நாதியில்லை. என்ன தின்றாய் என்று கேட்கத்தான் ஆள். தின்றுதான் வரவழைத்துக்கொண்டாளாம்! கல் தடுக்கி விழுந்தவனிடம் யாராவது சாப்பாட்டுக் கணக்குக் கேட்பார்களா?

"நான் சொன்னா நம்ப மாட்டே. அனுபவப்பட்டவ சொல்றதைக் கேளு." அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு லேபிளை உரக்கப் படித்தாள். "'வெந்நீர்ப் பையோடு கிடந்தவள் நான். மூன்றே மாதத்தில் வலி போன இடம் தெரியவில்லை. ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டரிடமே சொல்லிவிட்டேன். ஒரு பெண்மணி, வயது முப்பத்து நான்கு.' பாத்தியா? உன் வயசுதான்!"

வெந்நீர்ப் பை என்ற சொல்லிலேயே அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நாலு மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம், முதலாளி அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "ஒரு பொம்பளை பேசற மாதிரி மூணு வரி போடும்மா. கம்பெனிக்காரங்க கேக்கறாங்க. உனக்குத் தெரியாத வலியா?" மடியில் பை சூடாக இருந்தது. தனக்கு என்ன நடந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாளோ அதை அப்படியே அடித்துக் கொடுத்தாள். 'இது எந்த நோயையும் குணப்படுத்தாது' என்ற வரியை எறும்புக் கால் அளவு எழுத்தில் அடியில் வைத்ததும் அவளேதான். ஐயாயிரம் லேபிள் ஓடியது.

அச்சுப் பிழை பார்க்கும் பூதக்கண்ணாடியைக் கைப்பையிலிருந்து எடுத்து அண்ணியிடம் நீட்டினாள்.

"கடைசி வரியைப் படிங்க."

அண்ணி படித்தாள். இரண்டாம் தடவை உதடு மட்டும் அசைந்தது.

"அந்தப் பெண்மணி நான்தான் அண்ணி. அச்சகத்துல உக்காந்து நான் எழுதின பொய் அது. எனக்கு இன்னைக்கும் வலிக்குது."

கணவன் இப்போதுதான் தலையைத் தூக்கினான். இவ்வளவு தெரிந்தும் எழுதினாயே என்று அண்ணி கத்துவாள், பதிலுக்குத் தானும் கத்தித் தீர்த்துவிடலாம் என்று அவள் காத்திருந்தாள். அண்ணி கத்தவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"என் பொண்ணுக்கும் இதே வலிதான். ரெண்டு மாசமா இதைத்தான் குடுக்கறேன்," என்றாள். "டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னாங்க. வேண்டாம்னு விட்டுட்டேன். இன்னும் வலிக்குதும்மான்னா, ஸ்கூலுக்குப் போகாம இருக்க நடிக்காதேன்னு திட்டறேன்."

முதலாளியைத் திட்டலாம், கம்பெனிக்காரனைச் சபிக்கலாம். வரி மட்டும் அவளுடையது.

"போனைப் போடுங்க அண்ணி. இப்பவே."

ஸ்பீக்கரில் பதினாறு வயதுக் குரல் கேட்டது, தூக்கக் கலக்கத்தோடு.

"கண்ணு, அத்தை பேசறேன். அந்த மாத்திரையை நிறுத்திடு. அதுல எழுதியிருக்கறது நான் எழுதின பொய். நாளைக்கு ஸ்கேனுக்கு நானே கூட வரேன். வியாழக்கிழமை எனக்கு ஆபரேஷன், அதுக்கு முன்னாடி முடிச்சிடலாம்."

அந்தப் பக்கத்துக் குரலில் இப்போது தூக்கம் இல்லை.

"அப்போ நான் நடிக்கலைன்னு அம்மாகிட்ட சொல்றீங்களா அத்தை?"

போனுக்குப் பக்கத்திலேயே அம்மா உட்கார்ந்திருந்தாள்.