அடுத்த அடி

என் மனைவி கௌசியின் தம்பி சாம்பவன் நெதர்லாந்தில் ஒரு சின்ன இசைக்குழுவில் டிரம் வாசித்தான். மிக மெதுவான பாட்டுகள். ஒருமுறை தொலைபேசியில் வாசித்துக் காட்டியபோது என் அம்மா, "அடுத்த அடி எப்ப மகன் வரும்? நான் சோத்தை வடிச்சிட்டு வரட்டா?" என்று கேட்டார்.

"வரும் மாமி, கொஞ்சம் பொறுங்க" என்று சிரித்தான்.

2007 தை மாதம், உட்ரெக்ட் நகரில் ஒரு லொறி அவனை சைக்கிளோடு அடித்துப் போட்டது. எங்கள் அகதி வழக்கு முடியவில்லை. கனடாவை விட்டுப் போனால் திரும்பி வர முடியாது. செத்தவீட்டுக்குப் போகவில்லை. அவனுடைய குழுவினர் கடைசி ஒலிப்பதிவை சீடியாக அனுப்பினார்கள்.

"முப்பத்தொண்டாம் நாள் கிரியை முடியுமட்டும் வீட்டுக்குள்ள பாட்டு வேணாம்" என்றார் அம்மா. அதனால் வீட்டுக்கு வெளியே, வில்லரே தெருவோரம் நின்ற எங்கள் காருக்குள் போய் இருந்தோம்.

இஞ்சினை ஓடவிட்டு சீடியைப் போட்டேன். வேறு யாரோ ஒருவன் முணுமுணுப்பாகப் பாடினான். "இதில தம்பி எங்க?" என்று கௌசி கேட்டாள்.

நான் விளக்கினேன். வேகமான பாட்டில் அடியோடு அடி ஒட்டி நிற்கும். மெதுவான பாட்டில் இரண்டு அடிகளுக்கு நடுவே பெரிய வெற்றிடம். கை அவசரப்படும், அதை அடக்கச் சிலர் அடிக்கு முன் மூச்சை இழுத்து, அந்த இழுப்பையே அளவாக வைத்துக்கொள்வார்கள். மைக் கிட்ட இருந்தால் மூச்சும் பதிவாகும்.

"வகுப்பு துவங்கிட்டார்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "இஞ்சினை நிப்பாட்டுங்க."

நிறுத்தினேன். ஹீட்டரும் நின்றது. பாட்டு மட்டும் பற்றரியில் ஓடியது. அப்போதுதான் கேட்டது. மூச்சு, பிறகு அடி. மூச்சு, அடி.

"மூக்கடைப்புக்காரன்" என்றாள் கௌசி. கதவிலிருந்த ஸ்பீக்கர்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

பழைய பற்றரி. குளிரில் அதற்குள் இரசாயனம் மந்தமாகிவிடும். பாதிச் சக்திகூடக் கிடைக்காது. கடைசிப் பாட்டின் முடிவில் பாடியவன் ஓய்ந்தான். சாம்பவன் மூச்சை இழுத்தான். பிளேயரின் வெளிச்சம் அணைந்தது. கசெட் என்றால் இழுபட்டு இழுபட்டு நிற்கும். சீடி அப்படியல்ல, வெட்டினதுபோல் நின்றுவிடும்.

"பக்கத்து வீட்டு வலன்ரைன் அண்ணையிட்ட கேபிள் இருக்கு. சார்ஜ் ஏத்தினா மிச்சமும் கேக்கலாம்."

"வேணாம்."

"ஒரு அடிதான் மிச்சம், கௌசி."

"ஓம். அது விழுந்தா அவன் முடிஞ்சிருவான்."

கண்ணாடியில் எங்கள் மூச்சு உறைந்துகொண்டிருந்தது. அவள் ஸ்பீக்கரிலிருந்து கையை எடுக்கவில்லை. என்னையும் இறங்க விடவில்லை.