கேட்காமல் மாற்றிய புடவை

திண்டிவனத்தில் கலைப்பிரியா சுவரில் வரைந்த மீன்காரி முனியம்மாள், விடிந்ததும் சுவரை விட்டு இறங்கி, மரக்காணம் பஸ் பிடித்துப் போய், கூடை மீனோடு திரும்பிவந்து மறுபடி சுவரில் ஏறிக்கொள்வாள். சீட்டில் பெயிண்ட் ஒட்டுகிறது என்று கண்டக்டர்கள் ஆரம்பத்தில் சத்தம் போட்டார்கள். பிறகு அவளுக்கென்று பழைய பேப்பர் விரித்துவைக்கப் பழகிக்கொண்டார்கள். கிளம்பும்போது வாசலில் நின்று "வர்றேம்மா" என்பாள். கலைப்பிரியா தலையாட்டுவாள்.

அந்தச் சுவர், வேர்க்கடலை மூட்டை அடுக்கிவைத்திருந்த பழைய மல்லாட்டை குடோனுடையது. ஓவியம் படித்துவிட்டுக் காட்ட இடமில்லாமல் அலைகிறவர்களுக்காகக் கலைப்பிரியா அதை ஒரு கலைக்கூடமாக நடத்திவந்தாள். குடோன்காரர் கோதண்டபாணியோ அதை இடித்துக் கல்யாண மண்டபம் கட்ட நாளே பார்த்துவிட்டார். அந்த நேரத்தில்தான் சென்னையிலிருந்து ஒரு துணிக் கம்பெனி வந்தது. இப்படிப்பட்ட கலைக்கூடங்களைத் தாங்கிப் பிடிப்பதுதான் தங்கள் எண்ணம், இங்கே ஒரு கண்காட்சி வைப்போம், நன்றாக அமைந்தால் குடோனையே பத்து வருஷக் குத்தகைக்கு எடுத்துத் தருவோம் என்றார்கள். கம்பெனியின் ஷாலினி கேட்டது ஒன்றுதான்: சுவரிலிருக்கும் அம்மா எங்கள் புது கவுனில் இருக்கட்டும். கலைப்பிரியாவுக்கு மனசே ஒப்பவில்லை. ஆனால் கூடம் பிழைக்க வேண்டுமே. கண்காட்சிக்கு முந்தின நாள் சாயங்காலம் ரோஸ் நிறப் புடவையை அழித்துவிட்டு, கையில்லாத நீலக் கவுன் ஒன்றை வரைந்தாள்.

மறுநாள் முனியம்மாள் இறங்கினாள். குனிந்து தன்னைப் பார்த்தாள். இரண்டு கையாலும் தோளை மூடிக்கொண்டு வாசலில் நின்று, "போறேன்" என்றாள். இந்தப் பக்கத்தில் வீட்டை விட்டுக் கிளம்புகிற யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. சொன்னால் திரும்பி வரப்போவதில்லை என்று அர்த்தம்.

சுவர் மொட்டையாக நின்றது. விருந்தாளிகளின் கார்கள் சென்னையை விட்டுக் கிளம்பிவிட்டதாக ஷாலினி போன் செய்தாள். கலைப்பிரியா பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு மரக்காணத்துக்கு ஓடினாள். மீன் ஏலம் போடும் இடத்தில், படகு மறைவில், கிழிந்த வலையைப் போர்த்திக்கொண்டு முனியம்மாள் உட்கார்ந்திருந்தாள். வெயிலில் அவள் கால் விரல்கள் உரியத் தொடங்கியிருந்தன. சுவருக்குத் திரும்பாவிட்டால் பொழுது சாய்வதற்குள் ஆளே உதிர்ந்துவிடுவாள்.

"நீ வரைஞ்சவதான், இல்லேங்கல. அதுக்காவ கேக்காம பொம்பள துணிய மாத்துவியா?"

கலைப்பிரியாவுக்கு, கூடம் போனால் போகிறது, இவள் போய்விடக் கூடாது என்றிருந்தது.

"தப்புதாங்க்கா. என்னா புடவ வேணும், சொல்லுங்க."

அதே ரோஸ்தான், பார்டர் மட்டும் பச்சை என்றாள் முனியம்மாள். படகு மறைவிலேயே கலைப்பிரியா முதலில் விரல்களை, அப்புறம் புடவையை வரைந்து முடித்தாள்.

இருவரும் பஸ்ஸில் வந்து சேர்ந்தபோது விருந்தாளிகள் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்கள். முனியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் ஏறினாள். பார்டர் காயாததால் நாலைந்து பேர் சட்டையில் பச்சை ஒட்டியது. கவுன் எங்கே என்று ஷாலினி கேட்டாள். கிடையாது என்றாள் கலைப்பிரியா. டீ வருவதற்குள் கார்கள் கிளம்பிவிட்டன. தை பிறந்ததும் குடோனை இடித்தார்கள்.

மண்டபம் எழும்பியதும், அதுவரை கலைப்பிரியா வீட்டுச் சுவரில் இருந்த முனியம்மாள் பந்தி நடக்கும் ஹாலின் சுவரில் ஏறிக்கொண்டாள். கோதண்டபாணி இரண்டு தடவை வெள்ளையடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். கலைப்பிரியாவுக்கு இப்போது கூடம் கிடையாது. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் டப்பாவோடு வந்து, என்ன கலர் என்று கேட்டு, புடவை மாற்றிவிட்டுப் போகிறாள். குரூப் போட்டோவில் முனியம்மாள் ஓரமாக நிற்கிறாள். பெண் வீட்டார் அவளை மாப்பிள்ளை வீட்டுச் சொந்தம் என்றும், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுச் சொந்தம் என்றும் நினைத்து, முதல் பந்தியிலேயே உட்கார வைக்கிறார்கள்.