ஒன்றாம் தேதியையும் சேர்த்து

இணையத்தில் நடந்த அந்த ரோமானியக் கல்விப் பள்ளிக்குக் கட்டடம் கிடையாது. லத்தீன் டீச்சரின் சாப்பாட்டு மேஜை, ஒரு மடிக்கணினி, பதினொரு மாணவர்கள், அவ்வளவுதான். கணினி வேலையைப் பார்த்துக்கொண்டவர் டீச்சரின் தம்பி. அக்கா சொன்னால் மறுபேச்சு இல்லை, முணுமுணுப்பு மட்டும் உண்டு.

அந்த வருடம் தேர்வு வாரியம் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. மாதக் கடைசிக்குள் ஏதாவது ஒரு நிறுவனம் பள்ளியின் கூட்டாளியாகக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் சான்றிதழ் செல்லாது, பதினொரு பேரின் இரண்டு வருடப் படிப்பும் அம்போ. அவர்களில் பஸ் ஓட்டுநர் ஒருவர் இருந்தார். அந்தச் சான்றிதழைக் காட்டினால் ஆசிரியர் பயிற்சியில் இடம் தருவதாக அவரிடம் சொல்லியிருந்தார்கள். வண்டி நிற்கிற ஐந்து நிமிடத்திலும் வினைச்சொல்லை மனப்பாடம் செய்த மனிதர்.

'எங்களோடு கைகோர்க்க ஐந்து வழிகள்' என்று தம்பி இணையதளத்தில் ஒரு பக்கம் போட்டார். கல்லூரிகள் தேர்வறை தரலாம், அருங்காட்சியகங்கள் பழம்பொருளைக் கேமராவில் காட்டலாம், இப்படி. வந்த பதில்கள் இரண்டே இரண்டு. குளியலறை ஓடு விற்பவர் ஒருவர், ரோமானியர்கள் குளியல் பிரியர்களாமே, பாடத்துக்கு நடுவே தன் விளம்பரத்தைப் போட முடியுமா என்று கேட்டிருந்தார். டீச்சர் அவரை நாலு பக்கத்துக்குத் திட்டி எழுதினார்.

இன்னொன்று ஒரு சின்ன அருங்காட்சியகம். ஒரு ரோமானிய விளக்கும் நாற்பது நாணயங்களும் தங்களிடம் இருப்பதாகக் காப்பாளர் அம்மாள் எழுதியிருந்தார். நிர்வாகக் குழு ஒரு வகுப்பைத் திரையில் பார்த்தால் போதும், தலைவர் அங்கேயே கையெழுத்துப் போட்டுவிடுவார். மாதக் கடைசியில் ஒரு நாளை நீங்களே குறியுங்கள் என்றார்.

டீச்சரும் குறித்தார்: 'ஒன்றாம் தேதிக்கு முந்தைய மூன்றாம் நாள், காலை பத்து மணி.' ரோமானியர்கள் தேதி சொல்லும் முறை அது. பின்னோக்கி எண்ணும்போது அந்த ஒன்றாம் தேதியையும் சேர்த்துக்கொள்வார்கள்: ஒன்று, முப்பது, இருபத்தொன்பது. பள்ளியில் வீட்டுப்பாடத்துக்குக்கூட இந்தக் கணக்குதான். சாதாரணத் தேதியையும் பக்கத்தில் போடச் சொன்னார் தம்பி. பழம்பொருளோடு காலம் தள்ளுகிறவர்களுக்கு இதுகூடவா தெரியாது என்று டீச்சர் அவர் வாயை அடைத்துவிட்டார்.

இருபத்தெட்டாம் தேதி காலை ஒத்திகை பார்த்தார்கள், தொலைபேசியை அணைத்துவிட்டு. மறுநாள் பத்து மணிக்குப் பதினொரு பேரும் திரையில் வந்து உட்கார்ந்தார்கள். ஓட்டுநர் துவைத்த சீருடையில் வந்திருந்தார். அருங்காட்சியகத்திலிருந்து யாரும் வரவில்லை. பத்தரைக்கு டீச்சர் அடுத்த அறைக்குப் போய் அழைத்தார்.

"நேத்து பதினோரு மணி வரைக்கும் எல்லாரும் காத்திருந்தோம்மா. நாலு தடவை போன் பண்ணினேன். தலைவர் ஃபைலை மூடிட்டு ஊருக்குக் கிளம்பிட்டார். அடுத்த கூட்டம் நாலு மாசம் கழிச்சுதான்" என்றார் காப்பாளர்.

டீச்சர் ரோமானியக் கணக்கை விளக்கினார். சொல்லச் சொல்ல அவர் குரலே அவருக்குப் பிடிக்கவில்லை.

"எனக்குத் தெரியலைங்க. உங்ககிட்டப் போய் தேதி கேக்க வெக்கமா இருந்துச்சு. விரல் விட்டு எண்ணினேன், இருபத்தெட்டு வந்துச்சு."

டீச்சர் மன்றாடிப் பார்த்தார். தலைவர் இல்லாமல் கையெழுத்துப் போட அங்கே யாருக்கும் அதிகாரமில்லை. தம்பி கதவருகே நின்றிருந்தார். நான்தான் அப்பவே சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை, சொல்லியிருக்கலாம்.

டீச்சர் திரும்ப வந்து உட்கார்ந்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். சான்றிதழ் கிடையாது, தப்பு என்னுடையது என்றார். திட்டட்டும், அது நியாயம்தான் என்று காத்திருந்தார்.

ஓட்டுநர்தான் முதலில் பேசினார். "இல்லை டீச்சர். இருபத்தொம்பதுதான் சரி. அவங்கதான் தப்பா எண்ணிட்டாங்க."

மற்ற பத்துப் பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஒருவருக்குக்கூடச் சந்தேகமில்லை. டீச்சர் கேமராவை அணைத்தார். அழுகிற சத்தம் அவர்களுக்குக் கேட்டது, மைக்கை அணைக்க மறந்துவிட்டார்.